ஆலாத்திட்டியில் ஒரு கபுறு

வள்ளம் கரை தட்டியதும் ஆலாக் குருவிகள் கூட்டமாக எழும்பித் தலைக்கு மேலே கத்தத் தொடங்கின.

குருவி பார்க்க வந்தவர்கள் கெமராவோடு முன்னால் ஓடினார்கள். றுமானா மாமனார் மீராமுகைதீனைக் கைபிடித்து இறக்கினாள். அவர்கள் இரண்டு பேரும் வந்தது ஒரு கபுறை, அடக்கம் செய்த இடத்தை, பார்க்க.

போன மாரியில் கடலுக்குப் போன அவள் புருசன் நிப்றாஸ் திரும்பவில்லை. அதே மாரியில் இந்தத் தீவில் ஓர் உடல் ஒதுங்கியதாம். கொந்தளிப்பில் கரைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இங்கேயே அடக்கினார்களாம். செய்தி அவர்களுடைய ஊரான பாலமுனைக்கு வந்து சேர இவ்வளவு காலம் பிடித்திருந்தது.

பத்துப் பன்னிரண்டு வீடுகள். முற்றமெல்லாம் கருவாடு. நடக்கிற பாதையிலேயே ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. பிள்ளைகள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள்.

அடக்கியவர் கனகரெத்தினம். அவர் மாமனாரைக் கடற்பக்கம் கூட்டிப்போனார். அவருடைய மனைவி செல்லத்தங்கம் றுமானாவை உள்ளே அழைத்து, அந்த உடலிலிருந்து கழற்றித் தோய்த்து மடித்து வைத்திருந்த சேட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

றுமானா விரித்துப் பார்த்தாள்.

அதற்குள் நிப்றாஸைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

சேட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கல் அடுக்கிய மேட்டுக்குப் பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். மகன் போன நாளிலிருந்து, விடிய சுபஹு தொழுத கையோடு கடற்கரைக்குப் போய், வெயில் ஏறும் வரை அலையைப் பார்த்து நிற்கிற மனிதர். மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார். போன மாதம் அலை அடித்து விழுத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாளும் போனார்.

அவர் சேட்டைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“அவர்ட சேட்டுத்தான் மாமா.”

மீராமுகைதீன் தலையை ஆட்டினார். கையேந்தி நெடுநேரம் துஆ ஓதினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ட புள்ளதான் மகள். ஊருக்குப் போய், புருசன் மௌத்தானவள் இரிக்கிற இத்தா இரு. பிறகு உன்ட உம்மா வாப்பா சொல்ற இடத்தில கலியாணம் முடி” என்றார்.

இனியாவது விடியப்புறத்தில் அவர் வீட்டில் இருப்பார் என்று நினைத்தாள்.

திரும்பும்போது மாமனார் முதலில் ஏறி முன்பலகையில் உட்கார்ந்தார். வள்ளத்தைத் தள்ளிவிட வந்த கனகரெத்தினம் அவள் பக்கம் குனிந்தார்.

“அடக்கின ஆளுக்கு இடது கையில ஆறு விரல் எண்டு நீங்க வந்த உடனேயே உங்கட மாமாட்டச் சொன்னன் தங்கச்சி. ஓம், பிறவியிலயே அப்பிடித்தான் எண்டார். இப்பதான் எங்களுக்கும் மனம் ஆறிச்சு.”

நிப்றாஸின் இரண்டு கையிலும் ஐந்து விரல்கள்தான்.

அவள் பலகைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். மாமனார் அவள் பக்கம் திரும்பவில்லை. வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவேண்டும் என்பதற்காகக் காதோரம் போனாள்.

“இத்தா இரிக்கன் மாமா” என்றாள்.