தலைகீழ் பாட்டில்

போன கோடையில் வீட்டுக்காரர் வெளியூர் போனபோது மீன்தொட்டியில் தண்ணீர் வற்றி, கிழட்டு மீனின் முதுகு காய்ந்துபோனது. மீன் அதை மறக்கவே இல்லை. இந்த முறை அவர் தொட்டியை நிரப்பி, தண்ணீர் நிறைந்த ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலை, வாய் தொட்டித் தண்ணீரில் முங்கும்படி தலைகீழாகக் கட்டிவிட்டுப் போனார்.

"வயிறு நிறைய வச்சிருக்கியே, கொஞ்சம் விட்டா என்ன?" என்றது மீன்.

பாட்டில் பேசவில்லை.

"குப்பையில கிடந்தவனுக்குத் திமிரப் பாரு! உன்னையும் மறக்க மாட்டேன்டா."

மூன்று நாளும் மீன் திட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் தண்ணீர் நூலளவு இறங்கி, பாட்டிலின் வாய் வெளியே தெரிந்தது. மீன் பயந்து அடியில் பதுங்கியது. அப்போது 'குளுக்' என்று ஒரு காற்றுக்குமிழி பாட்டிலுக்குள் ஏற, அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே இறங்கியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. தண்ணி குறைஞ்சு வாய் திறந்தாத்தான் எனக்கு மூச்சு வரும். மூச்சு வந்தாத்தான் தண்ணி விட முடியும்."

பாட்டில் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் ஏறி அதன் வாயை மூடிவிட்டது.

மீன் மெல்ல மேலே வந்து பார்த்தது. தண்ணீர் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்போ நான் திட்டின மூணு நாளும் மூச்சு விடாமலா இருந்தே, தம்பி?"