பழைய கோட்டிங்

ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, தான் திருடிய பேரிகார்டையே சுரண்டிக்கொண்டிருந்தான் அலெக்ஸாண்டர்.

திருட்டு என்பது பெரிய வார்த்தை. மச்சான் கல்யாணத்துக்குத் தெருவில் பந்தல் போட்டிருந்தான். ஷேர் ஆட்டோ உள்ளே புகாமலிருக்க, மெயின் ரோட்டில் நின்ற போலீஸ் பேரிகார்டைத் தள்ளிக்கொண்டு வந்து தெருமுனையில் வைத்தான். அது அங்கே சும்மாதான் நிற்கிறது என்று நினைத்துவிட்டான்.

மெயின் ரோட்டில் தடுப்பு இல்லாமல் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் புகுந்து, எண்ணூர் வரைக்கும் மாட்டிக்கொண்டன. தாலி கட்ட மாப்பிள்ளையே நடந்துதான் வந்தான்.

கேஸ் விழுந்தால் துறைமுகப் பாஸ் போச்சு. பாஸ் போனால் கப்பலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலையும் போச்சு. வேறு வேலை அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

மனைவி செங்கொடி அழுத அழுகையில் இன்ஸ்பெக்டர் சங்கரநாராயணன் கொஞ்சம் இறங்கி வந்தார். முதல் தப்பு, கேஸ் வேண்டாம். ஒரு வாரம் வந்து ஸ்டேஷன் பேரிகார்டுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கட்டும், ஒழுங்காக முடித்தால் விட்டுவிடலாம் என்றார்.

பெயிண்ட் அடி என்றுதான் சொன்னார். சுரண்டு என்று சொல்லவில்லை.

ஆனால் சுரண்டாமல் பெயிண்ட் அடிக்க அலெக்ஸாண்டருக்குக் கை வராது. பழைய கோட்டிங் மேலேயே பூசினால் ஒரு மழைக்கு உரிந்துவிடும். அதைக் காட்டிக் கேஸ் போட்டுவிட்டால்? பயத்தில் இரும்பு தெரியத் தேய்க்க ஆரம்பித்தான்.

மஞ்சள் போனது. ஸ்டேஷன் பெயர் போனது. அடியில் பக்கத்து ஸ்டேஷனின் பெயர் வந்தது. அதை அழிக்கப் பயந்து அப்படியே விட்டான்.

அடுத்ததைச் சுரண்டினான். அதிலும் அதே பெயர். அதற்கடுத்ததில் வேறொரு ஸ்டேஷன். ஒன்றில் மாதா கோயில் திருவிழாக் கமிட்டி. அலெக்ஸாண்டர் சிலுவை போட்டுக்கொண்டான்.

எல்லாவற்றையும் துடைத்து, ரோட்டைப் பார்க்க வரிசையாக நிறுத்தினான்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், ஒண்ணொண்ணுலயும் ஒரு பேரு கீது. எந்தப் பேர சார் எழுதறது?"

இத்தனை நாளாக அவனை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்ட சங்கரநாராயணன், ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, இன்னொரு பிரஷ் இருக்கா?"