துண்டில் பட்ட நெய்

தெருக்குழாயடியில் குந்தி, காளியப்பன் மண்ணைப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தான். முகர்ந்து பார்த்தான். வாசம் போகவில்லை. பார்த்தவர்கள், எங்கோ கன்னம் வைத்துவிட்டு வந்தவன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவன் செய்த குற்றம் நெய்த் தோசை தின்றது.

எடப்பாடியிலிருந்து, பெட்ரோல் இல்லாத காலத்தில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ் ஏறிச் சேலம் வந்தால் முதலில் கடைவீதிக் காபி கிளப். தோசை, அதன் மேல் ஒரு காபி. பிறகு செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி, எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது. வெயில் ஏறினால் ஒரு கோலி சோடா. சொர்க்கத்துக்குப் பஸ் விட்டால் அது சேலத்தில்தான் வந்து நிற்கும் என்பது அவன் கட்சி.

சங்கடம் என்னவென்றால், அதே சேலத்தில் அம்மாபேட்டையில் அவன் தங்கை அத்தாயி குடியிருந்தாள். தன் வீடு இருக்கிற ஊரில் அண்ணன் கிளப்பில் கை நனைத்தான் என்று தெரிந்தால் அவளுக்கு அதைவிட அவமானம் வேண்டாம். பெரியப்பன் மகன் ஒருவன் அப்படித் தின்றுவிட்டு மாட்டிக்கொண்டான். இன்றுவரை அவனோடு அவளுக்குப் பேச்சில்லை.

அவள் போடுவதோ களியும் கீரையும். காளியப்பனின் நாக்குக்கு அது இறங்காது.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குள் நுழைந்தான். தறி சத்தமில்லாமல் கிடந்தது. பிள்ளைகள் பட்டப்பகலில் சுருண்டு படுத்திருந்தன.

"வாங்கண்ணா," என்று அத்தாயி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"மாப்ள எங்க தாயி?"

"நூலு வந்திருக்குதான்னு பாக்கப் போயிருக்காருங்க. சீமைல சண்டை வந்ததுலருந்து நூலுக்கு அலையறதே பொழப்பாப் போச்சு." கொஞ்சம் தயங்கினாள். "இருங்கண்ணா, சாப்பாடு..."

"வேண்டாஞ் சாமி," என்று காளியப்பன் முந்திக்கொண்டான். "காலைல இருந்தே வயிறு சரியில்ல. பச்சத்தண்ணி போதும்."

மற்ற நாளாக இருந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்து வட்டிலை முன்னால் தள்ளியிருப்பாள். இன்றைக்கு, "சரிங்கண்ணா," என்றதோடு விட்டுவிட்டாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிம்மதியாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

அத்தாயியின் கண் துண்டிலேயே நின்றது.

கையை அத்தனை தேய்த்தவன், கிளப்பில் வாயைத் துடைத்த துண்டை மறந்திருந்தான். வெள்ளைத் துண்டின் நடுவில் சாம்பாரும் நெய்யும் மஞ்சளாகப் படிந்திருந்தன.

காளியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தோசைக்காகக் கூடப்பிறந்தவளின் வாசலை அவமதித்துவிட்டோமே என்று இருந்தது. தலையை நிமிர்த்தாமல், "அத்தாயி... அது வந்து..." என்று இழுத்தான்.

அவள் துண்டை வாங்கி, கறை உள்ளே போகும்படி மடித்து, அவன் தோளிலேயே போட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்கண்ணா. நேத்திருந்து இங்க அடுப்பெரியலைன்னு தெரிஞ்சு, எம் மானத்தக் காப்பாத்தத்தானுங்களே வெளியிலயே சாப்புட்டுட்டு வந்தீங்க?"