பாட நேரமில்லாத குருவி

முள்புதரின் ஓரத்தில் பறவைக்காரி குப்புறப் படுத்திருக்கிறாள். குருவி எண்ணுவது அவள் வேலை. அதனால் வந்த பெயர். முழங்கைகள் ஈர இலைச்சருகில் புதைந்திருக்கின்றன, தொலைநோக்கியில் பனி படிந்திருக்கிறது. சற்றுத் தள்ளிப் புதர்வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, அதன் மேல் அக்கா புருஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன வருஷம் இந்தக் காட்டின் அடிப்புதர் முழுவதையும் வழித்துப் போட்டவர் அவர்தான். அப்போது ஓர் ஆண்குருவி பருவம் முழுக்கத் தொண்டை கிழியப் பாடியது. கூடு மறைக்கப் புதரில்லாத இடத்துக்கு எந்தப் பெட்டையும் வரவில்லை. இந்த வருஷம் அவரோடு மல்லுக்கட்டி இந்த ஒரு துண்டுப் புதரை அவள் வளரவிட்டிருக்கிறாள். கூடு இல்லையென்றால் இன்று இதுவும் போகும். இந்த வருஷமும் வந்து பாடிய அந்தக் குருவியோ சில நாளாகப் பாடுவதே இல்லை.

"உன் பாட்டுக்காரன் கம்பி நீட்டிட்டான் மச்சினி, எழுந்து வா."

"செத்த பொறுங்க அத்தான்."

கிளை அசைகிறது. அதே ஆண்குருவி, அலகு கொள்ளாமல் பச்சைப் புழுக்கள் தொங்குகின்றன. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முள்ளுக்குள் நுழைகிறது. உள்ளே மஞ்சள் விளிம்பிட்ட குட்டி வாய்கள் ஒரே நேரத்தில் பிளக்கின்றன. பறவைக்காரி துள்ளி எழுகிறாள். மூக்கு நுனியில் சேறு, முகமெல்லாம் பல்.

"பிள்ளகுட்டிக்காரன் ஆயிட்டான் அத்தான்! இனிமே பாட அவனுக்கு ஏது நேரம்?"

அத்தான் சாவியைத் திருப்புகிறார். உறுமல் அடங்கியதும், குஞ்சுகளின் கூச்சல் காட்டையே ரெண்டாக்குகிறது.