ஆகாயத்தாமரை

"தண்ணியே தெரியக் கூடாது" என்றாள் அந்த வீட்டு அம்மா. "ஒரு உள்ளங்கை அளவுகூட."

அல்லித் தொட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த செடிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாற்றுப்பண்ணை வைத்த நாளிலிருந்து எத்தனையோ தோட்டக் குளங்களுக்குச் செடி கொடுத்திருக்கிறாள். எல்லோரும் பூ என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"அப்படி மூடக் கூடாதும்மா. பாதித் தண்ணியாவது திறந்து கிடக்கணும். இல்லேன்னா மீனுக்கு மூச்சு முட்டிடும்."

"மீன் செத்தா சாகட்டும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் செடிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது.

குளம் வீட்டின் பின்புறம் இருந்தது. இரண்டு கட்டில் அகலம், கறுப்புக் கல் கட்டு. காற்றே இல்லை, வானத்து மேகம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது.

"அல்லி வச்சா ஒரு மாசத்துல இலை விரிச்சுடும்" என்றாள் செடிக்காரம்மா.

"ஒரு மாசமா? சாயங்காலத்துக்குள்ள மூடியாகணும்."

"அப்போ ஆகாயத்தாமரைதான். வேர் ஊன வேண்டாம், போட்டா மிதக்கும். ஆனா குட்டி போட்டுக் குட்டி போட்டுக் குளத்தையே தின்னுடும். அதுக்குப் பதிலா தண்ணியை இறைச்சு விட்டுட்டா வேலை முடிஞ்சுதே?"

"இறைச்சுப் பார்த்துட்டேன். அடியில ஊத்து இருக்கு. விடிஞ்சா நிறைஞ்சிடுது. நீங்க அதையே கொண்டாங்க."

கூடைகளை எடுக்க வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரி கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"அந்த வீட்டுக்கா செடி? நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்து பார்த்தா, அவரையும் காணோம், பொண்ணையும் காணோம். இவ மட்டும் ஒத்தையா உக்காந்து சமையலறைச் சுவருக்கு வெள்ளையடிச்சுட்டு இருக்கா. எங்கேன்னு கேட்டா, வெளியூருங்கறா. கதவைச் சாத்திக்கறா."

செடிக்காரம்மா திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கால் என்னவோ உள்ளேதான் போனது.

ஓர் ஓரத்தில் அல்லித் தொட்டியையும் வைத்துவிடலாம் என்று தண்ணீருக்குள் கையை விட்டாள். மெத்தென்று ஏதோ பட்டது. பதறிக் கையை இழுத்தாள். விரலில் ஒட்டியிருந்தது மக்கிப்போன இலைச் சக்கை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். சோப்பு இருந்தது, துண்டு இருந்தது. குழாய்க்கு மேலே மட்டும் சுவரில் இரண்டு ஆணிகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. நடுவே சுவர் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள், வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடப் பார்க்கிறாள் என்று செடிக்காரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

திரும்பி வந்தபோது வீட்டு அம்மா கரையில் மண்டியிட்டிருந்தாள். மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பதும், செடியை நகர்த்துவதும், மறுபடி குனிவதுமாக இருந்தாள். புடவை முன்பக்கமெல்லாம் சேறு.

"இங்கே இன்னும் தெரியுது" என்றாள் நிமிராமலே. "இன்னொரு கூடை இருக்கா?"

அதற்கு மேல் செடிக்காரம்மாவால் தாங்க முடியவில்லை. கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"வெளிப்படையாவே கேக்கறேன்மா. உங்க வீட்டுக்காரர் எங்கே? பொண்ணு எங்கே? இந்தக் குளத்துக்குள்ள அப்படி என்னத்தை மூடறீங்க? நீங்க சொல்லலேன்னா நான் நேரா போலீசுக்குத்தான் போவேன். இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்."

வீட்டு அம்மா அவளையே பார்த்தாள். கத்துவாள், மறுப்பாள், வெளியே போ என்பாள் என்று செடிக்காரம்மா எதிர்பார்த்தாள். அவள் ஈரக் கையோடு கரைக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்றாள். "அடுப்பு வெடிச்சப்போ எம் பொண்ணுதான் பக்கத்துல நின்னா. அவ அப்பா அன்னைலேருந்து ராப்பகலா அவகூடவே இருக்கார். சாயங்காலம் கூட்டிட்டு வர்றார். கட்டெல்லாம் பிரிச்சாச்சாம்."

செடிக்காரம்மாவுக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று தவித்தாள்.

"ஐயோ... கண்ணுல பட்டுடுச்சா தாயி? தட்டுத் தடுமாறி உள்ளே விழுந்துடுவாளேன்னு பயமா? செடி தாங்காதும்மா, சுத்தி வேலி போட்டுடலாம். நானே ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

வீட்டு அம்மா இல்லையென்று மெல்லத் தலையை ஆட்டினாள். கீழே கிடந்த கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அவ முகத்தை அவ இன்னும் பார்க்கல."