கணவரின் குரல்

என் கணவர் வைரக்கண்ணு இறந்த பிறகும் எங்கள் இறால் குட்டையைக் கவனித்துச் சொல்லும் கருவி அவர் குரலில்தான் பேசியது. வாய்க்காலோரக் குட்டைகளின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும். ஒன்று கற்றதை மற்றவையும் கற்கும்.

ஒருநாள் காலையில் அந்தக் குரல், “தீனித்தட்டத் தூக்கிப் பாருங்க அண்ணி” என்றது.

அவர் என்னை ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடுவார். வாய்க்காலோரத்து ஆண்களுக்குத்தான் நான் அண்ணி.

பக்கத்துக் குட்டைக்காரர் பக்கிரிசாமி தலையைச் சொறிந்தார். “எங்க பேச்சக் கேட்டுக் கேட்டு அண்ணன் கெட்டுட்டாரு. மத்த கருவிங்ககிட்டேருந்து தனியாப் பிரிச்சுடலாம் அண்ணி, பழையபடி ‘ஏ புள்ள’ன்னு கூப்பிடுவாரு. ஆனா எங்க குட்டையில என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாது.”

அந்த ஒரு சொல்லுக்காகவே பிரித்துவிட நினைத்தேன். மறுநாள் இறால் வளர்ப்போர் சங்கத்தில் சொல்லிவிடலாம் என்று எண்ணியபடி, வாய்க்கால் தண்ணீரை உள்ளே விட மதகடிக்குப் போனேன்.

“தொறக்காதீங்க அண்ணி!” என்று குரல் பதறியது. “பக்கிரி குட்டையில வெண்புள்ளி நோய். கரை கசிஞ்சு வாய்க்கால்ல கலந்துட்டு.”

அதைச் சொல்லத்தான் பக்கிரிசாமியும் தூரத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

மதகிலிருந்து கையை எடுத்தேன்.

“சரிங்க தம்பி” என்றேன், என் கணவரின் குரலிடம்.