ஐம்பதில் உதறும் ஜீப்

"இன்னைக்கு மட்டும் வண்டி உதறுச்சுன்னா, நாளைக்கு இது நம்ம வாசல்ல நிக்கக் கூடாது. அண்ணனையும் வரச் சொல்லிட்டேன். அண்ணன் சொல்றதுதான் தீர்ப்பு."

மனைவி சொன்னதற்குக் கணக்கு வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார். பதினொரு மாதமாக அந்த ஜீப் விஷயத்தில் அவருக்கு வீட்டில் வாய் கிடையாது.

எல்லாம் அவர் தேடிக்கொண்டதுதான். மேடு பள்ளத்தில் அடி தட்டுகிறது என்று, முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை மாற்றிப் பழைய ஜீப்பை நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கினார். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் கியர் பாக்ஸிலிருந்து முன் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட், அதுவரை சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது, சரிந்து சாய்ந்துகொண்டது. அன்றிலிருந்து வேகம் ஐம்பதைத் தொட்டால் போதும், வண்டிக்குக் குளிர் ஜுரம் வந்துவிடும். போன மாதம் மனைவி பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்தாள். அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தாள் என்பதுதான் கொடுமை.

அவள் அண்ணன் மெக்கானிக். "எங்கிட்ட விடுங்க மாப்ளே" என்று அப்போதே சொன்னார். "இது கோணம் சம்பந்தப்பட்ட விஷயம் மச்சான். கணக்கு தெரிஞ்சவன்தான் கை வைக்கணும்" என்று பதில் சொன்னவரும் நம் வாத்தியார்தான்.

மச்சான் சலவைச் சட்டையோடு பைக்கில் வந்து இறங்கினார். வந்ததும் குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தத் தடவை என்ன பண்ணீங்க மாப்ளே?"

"பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சேன். சரியா ஆறு டிகிரி. ஷாஃப்டுக்கு ரெண்டு முனையிலயும் புது மூட்டு. நாப்பது கிராஃப் பேப்பர் தீர்ந்துச்சு மச்சான். பத்தாங்கிளாஸ் பசங்களுக்குக்கூட நான் இவ்வளவு வீட்டுப்பாடம் கொடுத்ததில்ல."

"தப்பா போட்டா முட்டி போட வைப்பீங்களே?"

"பதினோரு மாசமா வண்டிக்கு அடியில முட்டி போட்டுட்டுத்தானே இருக்கேன்!"

மூவரும் ஏறினார்கள். மனைவி பின் சீட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் வாத்தியார் அழுத்தினார். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

அறுபது. ஸ்டீயரிங் கையில் பூப்போல இருந்தது.

"என்னங்க, வண்டி ஓடுதா, நிக்குதா?" என்றாள் மனைவி. கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தாள்.

வாத்தியாருக்கு உற்சாகம் தலைக்கேறியது. அந்தச் சூட்டிலேயே கல் குவாரிப் பாதைக்குத் திருப்பினார். எதிரே செங்குத்தான சரளை மேடு. முன் சக்கர லீவரை இழுத்துவிட்டு, "இப்ப நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், பாருங்க" என்று ஏற்றினார். கல் தெறித்தது, ரப்பர் கருகியது, ஜீப் இரண்டு முறை திணறி ஒருவழியாக உச்சிக்குப் போய் நின்றது.

"பார்த்தீங்களா மச்சான், முன் சக்கரம் என்ன இழுப்பு இழுக்குது!"

மச்சான் வெளிப்பக்கம் திரும்பி நெடுநேரம் இருமினார். "தூசி" என்றார்.

"அண்ணே, மழுப்பாம சொல்லு. உதறுதா இல்லையா?"

"உதறலம்மா. இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்ல."

மனைவி கம்பியிலிருந்து மறு கையையும் எடுத்தாள். பிறகு, "நான்தான் உங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன்" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் வாத்தியார் கேட்ட முதல் பாராட்டு அது. திரும்பும் வழி முழுக்க மச்சானுக்குக் கோணங்களைப் பற்றி வகுப்பெடுத்தார். மச்சான் நல்ல மாணவனாக "ம்... ம்..." கொட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவரை வழியனுப்பிவிட்டு வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார். ரிடையர் ஆனதும் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, மாடிப்படிக்கு அடியில என் பழைய போர்வையில எதையோ சுத்தி வச்சிருக்கீங்களே, என்ன இது? நீளமா, கனமா... ரெண்டு முனையிலயும் கிரீஸ் வேற!"

வாத்தியார் எழுந்து போய்ப் பிரித்தார். புது மூட்டுகள் பளபளவென்று மின்ன, முன் ஷாஃப்ட் குழந்தை மாதிரி படுத்திருந்தது.

நேற்று அதைத் துடைத்து, தூசி படாமலிருக்கப் போர்வையில் சுற்றி, சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டலாம் என்று வைத்தார். சாப்பிட்டார். தூங்கினார். எழுந்தபோது மாட்டி முடித்த திருப்தி மட்டும் எப்படியோ வந்துவிட்டிருந்தது. ஆக, குவாரி மேட்டில் பின் சக்கரங்கள்தான் மாரடித்திருக்கின்றன. முன் சக்கரங்கள் இரண்டும் அவரைப் போலவே சும்மா கூட வந்திருக்கின்றன.

"என்னன்னு கேட்டேனே?"

"ஒண்ணுமில்ல... உபரி சாமான்" என்றார்.

பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தது. மச்சானிடமிருந்து செய்தி.

'காலையில குனிஞ்சப்பவே பார்த்துட்டேன் மாப்ளே, தங்கச்சி முன்னாடி எதுக்குன்னு வாயைத் திறக்கல. தயவுசெஞ்சு அதைத் திரும்ப மாட்டிடாதீங்க!'